காது மெஷினும் கைச் செல்லும்

மினியாபொலிஸ்
ஜனவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

காது மெஷின் மாட்டியதிலிருந்து நீங்கள் செல்லையே தொடுவதில்லை என்று சித்தி சொன்னார். காதில் வைத்தால் கீச்சென்று விசில், இல்லாவிட்டால் கிர்ரென்று இரைச்சல், கொடுத்த பணம் தண்டம் என்று புலம்புகிறீர்களாம். இரண்டு காதிலும் மெஷினோடு இந்த ஊரில் குப்பை கொட்டுகிறவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். பணத்துக்கு ஒன்றும் பழுதில்லை.

முதலில் விசில். உங்களுடையது காதுக்குப் பின்னால் மாட்டும் ரகம். அதன் மைக், மூக்குக் கண்ணாடிக் காம்பு உட்காருகிற இடத்தில், காதுமடலுக்கு மேலே இருக்கிறது. நாமோ பழக்க தோஷத்தில் செல்லைக் காது ஓட்டைக்கு நேராக வைத்து அழுத்துகிறோம். அங்கே மெஷின் சத்தத்தை வெளியே விடுகிறதே தவிர உள்ளே வாங்குவதில்லை. கசிகிற சத்தம் செல்லில் மோதித் திரும்பி மைக்கில் நுழையும், பெரிதாகும், மறுபடி கசியும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் அலறுமே, அதேதான். செல்லின் மேல்முனையை இரண்டு விரற்கடை உயர்த்தி, காதில் ஒட்டாமல் சாய்த்துப் பிடியுங்கள். அடுத்த அறையிலிருந்து உங்கள் செல்லுக்குப் போன் போட்டு தினசரியை வாசிக்கச் சித்தியிடம் சொல்லுங்கள். செல்லை மெள்ள மேலும் கீழும் நகர்த்தினால், ஓர் இடத்தில் குரல் பளிச்சென்று விழும். அந்த இடம் கைக்குப் பழகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கிர்ர் சத்தம் வேறு சமாச்சாரம். உங்கள் பழைய பட்டன் செல் 2ஜி. அது ரேடியோ அலையைச் சீராக அனுப்பாது. நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பை மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் பிடித்துக்கொண்டு இரைகிறது. 4ஜியிலேயே பேசுகிற செல்லுக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் காது மெஷினுக்கும் போனுக்கும் உள்ள தகராறு செல் வருவதற்கு முன்பே தொடங்கியது. பழைய போன்களின் ரிசீவரிலிருந்து காந்தப்புலம் கொஞ்சம் கசியும். மெஷினுக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருளை வைத்து அந்தக் கசிவைப் பிடித்துக் கேட்டார்கள். அறை இரைச்சல் கலக்காமல் பேச்சு மட்டும் வரும். உங்கள் மெஷினில் ‘டி’ என்று ஒரு சுவிட்சோ புரோகிராமோ இருந்தால் அது இதற்குத்தான். பிற்பாடு கம்பெனிகள் ரிசீவரை மேம்படுத்தி, கசிவை அடைத்துவிட்டன. மெஷின்காரர்களுக்குப் போன் ஊமையானது. அவர்கள் விடாமல் சண்டை போட்டதன் பலன், இங்கே விற்கும் போன் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1988இல் வந்த சட்டம். செல்லுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். 2003இல் அந்த விலக்கைத் தளர்த்தினார்கள். எல்லா செல்லும் படிப்படியாக ஒத்துப்போக வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில்தான் வந்தது. எத்தனை வருஷம் பாருங்கள்!

ரொம்பவும் மெச்சிவிடாதீர்கள். இதே நாட்டில் 65 வயது தாண்டியவர்களுக்கான அடிப்படை மெடிகேர் காப்பீடு, 1965இல் சட்டமான நாளிலிருந்து, காது மெஷினுக்குப் பணம் தருவதில்லை. போன் உன் மெஷினுக்கு வளைந்து கொடுக்கும், மெஷினை நீயே வாங்கிக்கொள் என்பது என்ன நியாயமோ. 2022 அக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்கள் டாக்டர் சீட்டில்லாமல் கடையிலேயே வாங்கலாம் என்று ஆக்கியது ஒரு ஆறுதல்.

பேரன் ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதாகச் சொன்னால் மறுக்காதீர்கள். ப்ளூடூத் உள்ள மெஷினென்றால் பேச்சு நேராகக் காதுக்கே வரும். செல் சட்டைப் பையில் கிடக்கலாம். ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. சில மெஷின் ஐபோனோடு மட்டும் நேராகப் பேசும். ஆண்ட்ராய்டிலோ சில மாடல்களில் மட்டுமே அந்த வசதி. கடைக்கு மெஷினை மாட்டிக்கொண்டு போங்கள். அங்கேயே இணைத்து, ஒரு கால் பேசிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

இனி பேட்டரி. இங்கே மைனஸ் இருபதில் பஸ்ஸுக்கு நின்றால், நாற்பது சதவீதம் காட்டிய செல் பொட்டென்று அணையும். வீட்டுக்கு வந்து சூடேறியதும் எழுந்துகொள்ளும். உறைகுளிரில் இருந்து வந்ததும் சார்ஜில் போடக் கூடாது. உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மன்னார்குடியில் உங்கள் எதிரி வெயில். ஜன்னலோரத்திலோ, கார் டேஷ்போர்டிலோ, தலையணைக்கு அடியிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் பேட்டரி நாள்பட உழைக்கும். ‘மாதம் ஒரு தடவை சுத்தமாகத் தீர்த்துவிட்டு ஏற்று’ என்று உங்களுக்கு யாரோ சொன்னது அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு. லித்தியத்துக்கு அது கெடுதல்.

மெஷினுக்குள் போடுகிற பொடி பேட்டரி வேறு ஜாதி. துத்தநாகமும் காற்றும் சேர்ந்தால்தான் கரண்ட். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றாட வையுங்கள், நன்றாக உழைக்கும். உரித்த பிறகு திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது, அதனால் தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். பழுப்பு ஸ்டிக்கர் 312, ஆரஞ்சு 13; நிறத்தைச் சொன்னாலே கடைக்காரர் எடுத்துத் தருவார். ராத்திரி கழற்றும்போது பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள், வியர்வை ஈரம் காயும். ப்ளூடூத்தில் பாட்டும் பேச்சுமாக இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். வெளியே கிளம்பும்போது பையில் ஒரு அட்டை பேட்டரி இருக்கட்டும்.

சித்தியிடம் ஒன்று சொல்லுங்கள்: பழைய பொடி பேட்டரியை டீவி மேல் போட்டு வைக்க வேண்டாம். குட்டிப் பாப்பா வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையையே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, உயரத்தில் வையுங்கள்.

ஞாயிறு உங்கள் காலையில் வாட்ஸப் வீடியோவில் கூப்பிடுகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே உட்காருங்கள். உங்கள் உதடு தெரிந்தால் எனக்கும் பாதி வேலை குறையும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்