இடது காலுக்கு ஓய்வு

காரோட்ட ஆசைப்பட்டு, மூன்று பெடல்களைக் கண்டு மிரண்டதுண்டா நீங்கள்? கிளச்சே இல்லாமல், தானாகக் கியர் மாறும் பெட்டி 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே வந்துவிட்டது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றைச் சுழலவிடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான் சூட்சுமம்!

பழைய வண்டியிலும் இதைப் பொருத்தலாம். ஆனால் பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். எண்ணெயின் சூடு தணியத் தனிக் குழாய் வேண்டும். செலவு கையைக் கடிக்கும்.

ஆழ்வார்திருநகரியில் வாழைத்தார் ஏற்றும் என் பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. பழைய பிக்கப்பை விற்கவோ மனமில்லை. பெரியம்மாதான் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.

"வளையல் போச்சே பெரியம்மா?" என்றேன்.

"போகட்டுமே! இப்போ வண்டியை ஓட்டறது நானாக்கும்!" என்றாள்.