கருங்கல்லிலிருந்து சதுப்பு வரை: குழாய் போகும் வழி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருவேறு நிலங்களைப் பார்த்துவிடலாம். புறப்படும் இடத்தில் பச்சைமலை. வடக்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகள். போய்ச் சேரும் இடத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு. பூமிக்கடியில் குழாய் பதிப்பவர்களுக்கு இரண்டுமே சோதனைதான்.

குன்றுப் பக்கம் கருங்கல். வீடுகள் நெருங்கிவிட்டதால் வெடி வைக்க முடியாது. இயந்திரத்தால்தான் உடைக்க வேண்டும். கல்முனை குழாயைக் கிழிக்காமலிருக்க அடியிலும் மேலும் மணல் பரப்ப வேண்டும். சரிவில் இன்னொரு தொல்லை: தோண்டி மூடிய பள்ளம் மழையில் ஓடையாகி மண்ணை அரித்துவிடும். அதனால் பள்ளத்துக்குள் குறுக்கே மணல் மூட்டைத் தடுப்புகள் வைப்பார்கள்.

சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டினால் தரை தாழ்கிறது. தென்புறநகர் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக வடிகிறது. 2022-ல் இது ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஈர நிலத்தில் வெற்றுக் குழாய் மிதக்கும். கான்கிரீட் பாரம் ஏற்றித்தான் அமுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, தோண்டிய மண் கரையாக நின்று நீரோட்டத்தை மறிப்பது. நீர் போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் தவித்த முடிச்சூர், வேளச்சேரி மக்களிடம் கேட்டால் தெரியும்.

மேடு பள்ளத்தை அறிந்து பதித்தால் நிலமே உதவும். 2004 முதல் வீராணம் தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வருகிறது. வடக்குத்தில் சுத்திகரித்து, கடாம்புலியூர் மேட்டுக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். அங்கிருந்து போரூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர், தண்ணீர் தன் பாரத்திலேயே ஓடி வருகிறது.

நம் வயலில் எரிவாயு, எண்ணெய்க் குழாய் வந்தால்? அதற்கு 1962-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். பயிர் செய்யலாம். ஆனால் குழாய்த் தடத்தில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. உரிமைக்கு ஈடாகச் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு. ஆட்சேபணை இருந்தால் அறிவிக்கை கிடைக்கச் செய்த நாளிலிருந்து 21 நாளுக்குள், அதற்கென நியமித்த அதிகாரியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அளக்க வருபவர்களிடம் வாய்க்கால், மடை, மழைநீர் வடியும் திசை மூன்றையும் காட்டி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து, மூடும்போது மேலேயே போடச் சொல்லுங்கள். அடிமண் மேலே வந்துவிட்டால் அந்த இடத்தில் விளைச்சல் குறையும். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தத் தடத்தைக் கவனித்து, எங்கே மண் இறங்குகிறது, எங்கே நீர் தேங்குகிறது என்று குறித்து வைத்து, சரிசெய்து தரக் கேளுங்கள்.