ஜிமிக்கிக் குரோட்டன்ஸ்

தோட்டம் போடுகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பெயரைக் கேட்டுக்கொண்டு செடியை வாங்குகிறவர்கள் ஒரு வகை. செடியை வாங்கி நட்டுவிட்டுப் பிறகு அதற்குத் தாமே பெயர் வைக்கிறவர்கள் மற்றொரு வகை. காலஞ்சென்ற நம் தாயார் இரண்டாவது வகை. நாமோ சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். ஆகையால் முதல் வகையைச் சேர்ந்திருந்தோம். அதன் பயனாக ஒரு செடியை இழந்துவிட்டு, மூன்றரை வருஷ காலம் அதைத் தேடி அலைய நேர்ந்தது.

மன்னார்குடியில் நம் பழைய வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கு மேற்கே ஒரு குரோட்டன்ஸ் செடி நின்றது. (ஒற்றைச் செடியைக் கூடப் பன்மையில் அழைப்பது தமிழர்களாகிய நமது தாராள மனப்பான்மை. முப்பது வருஷமாக யாரும் திருத்தவில்லை. உபாத்தியாயராகிய நாமும் திருத்தப் போவதில்லை.) ஓர் ஆள் உயரம் இருக்கும். இலைகள் ஒரு சாண் நீளம், ஒரு விரல் அகலம். அதன் விசேஷம் என்னவென்றால், இலை முக்கால் தூரம் வளர்ந்து சட்டென்று நின்றுவிடும். நடு நரம்பு மட்டும் நூல் போல அரை அங்குலம் நீண்டு, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். காற்றடித்தால் அந்தக் குட்டி இலைகள் எல்லாம் சேர்ந்து ஆடும். தாயார் அதை 'ஜிமிக்கிச் செடி' என்பார். தளிர் பச்சையும் மஞ்சளுமாக வரும். முதிர முதிரச் சிவக்கும். அடியிலுள்ள இலைகள் மருதாணி பற்றிய கை போல இருக்கும். நவராத்திரி வந்தால் இரண்டு கொத்து ஒடித்துப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் விட்டுக் கொலுப்படியின் பக்கத்தில் வைப்பார். ஒன்பது நாளும் வாடாது.

2017-ஆம் வருஷம் தாயார் காலமானார். வீட்டை விற்றுவிடுவது என்று உடன்பிறந்தோர் நால்வரும் கூடி முடிவு செய்தோம். பத்திரம் பதிவாவதற்கு முன்னால், 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறிற்று. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் அன்று விழுந்த தென்னை மரங்களுக்குக் கணக்கு வழக்கில்லை. அடுத்த வீட்டுத் தென்னை ஒன்று நம் கொல்லையிலும் விழுந்தது. நாம் திருச்சியிலிருந்து போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். தோப்பை இழந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்களின் நடுவில், ஒரு குரோட்டன்ஸுக்காகக் கண் கலங்குவதற்கு வெட்கமாக இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல், ஒடிந்து வாடிக் கிடந்த கிளைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டு திரும்பினோம்.

பன்னிரண்டு குச்சிகள் நட்டோம். ஒரு மாதத்தில் பன்னிரண்டும் போய்விட்டன. அதற்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது: வாடிய கிளையை நட்டது ஒன்று, இலைகளைக் கிள்ளாமல் முழுசாக விட்டது இரண்டு, அன்பின் மிகுதியால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது மூன்று. குரோட்டன்ஸ் குச்சி ஈரத்தை விரும்பும்; சேற்றை விரும்பாது. அடுத்த தை மாதம் பத்திரம் முடிந்தது. வாங்கினவர் இயந்திரத்தைக் கொண்டு கொல்லையைச் சமப்படுத்தினார். அடிக்கட்டையில் துளிர் விட்டிருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் தேடல் ஆரம்பமாயிற்று. நர்ஸரிக்குப் போய், "சிவப்புக் குரோட்டன்ஸ், இலை நீளமாக இருக்கும்" என்றோம். "சிவப்பிலே இருபது தினுசு இருக்குது ஸார், பேர் என்ன?" என்றார் நர்ஸரிக்காரர். ஜிமிக்கிச் செடி என்றதும் அவர் முகத்தில் படர்ந்த புன்சிரிப்பைக் கண்டு பேசாமல் வெளியேறினோம். அடுத்த கடையில் ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டோம். அவர் ஒரு பெயர் சொன்னார். பத்து நாள் கழித்துப் போனபோது அதே செடிக்கு வேறொரு பெயர் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை. நம் ஊர் நர்ஸரிகளுக்கு வரும் செடிகளில் பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியம் என்ற ஊரிலிருந்து லாரியில் வருகின்றன. வழியில் சீட்டு விழுந்துவிட்டால் பெயரும் விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

உண்மையைச் சொன்னால், 'குரோட்டன்ஸ்' என்ற பெயரே இந்தச் செடிக்கு உரியதல்ல. லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் 1753-இல் இதைக் 'குரோட்டன்' இனத்தில் சேர்த்தார். பிற்காலத்தார் அது தவறென்று கண்டு 'கோடியேயம்' என்ற தனி இனமாக்கினார்கள். அப்படியானால் அசல் குரோட்டன் எது? நம்முடைய நாட்டு வைத்தியர்கள் சுத்தி செய்து பேதி மருந்துக்கு எடுக்கும் நேர்வாளம்தான்! சாஸ்திரப்படி குரோட்டன் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் வரவேற்பறையில் நேர்வாளம் நிற்கும். இந்த அழகில், பெயரை நம்பிச் செடி வாங்குவது எப்படி?

'கோடியேயம்' என்பது மொலுக்காஸ் தீவுகளில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. இந்தச் செடியின் பிறந்தகம் அந்தப் பக்கத்துத் தீவுகளே. அதை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் ரும்பியஸ் என்பவர். டச்சுக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக அம்போனில் இருந்தவர். 1670-இல் அவருக்குப் பார்வை போயிற்று. 1674-இல் பூகம்பத்தில் மனைவியும் ஒரு பெண்ணும் மாண்டார்கள். 1687-இல் தீப்பிடித்துப் படங்கள் எரிந்துபோயின. அவ்வளவுக்கும் பிறகு அவர் நூலை முடித்தார், 1702-இல் காலமானார். நூல் அச்சேறத் தொடங்கியது 1741-இல். இந்த வரலாற்றைப் படித்த இரவு வெகுநேரம் நமக்குத் தூக்கம் வரவில்லை. நிறத்துக்காகவே உலகம் கொண்டாடும் ஒரு செடியைக் கண்ணிழந்தவர் எவ்வாறு அறிந்திருப்பார்? விரலால் தடவினால் நிறம் தெரியாது. இலையின் உருவம் தெரியும் அல்லவா?

அன்றிலிருந்து நாமும் நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பார்க்கத் தொடங்கினோம். குரோட்டன்ஸில் நிறம் பெரிய பொய்க்காரன். இலையின் பச்சையோடு மஞ்சளும் சிவப்பும் தரும் சாயப் பொருள்கள் கலந்திருக்கின்றன. வெயிலும் வயதும் அவற்றைக் கூட்டிக் குறைக்கின்றன. ஒரே செடியில் தளிர் ஒரு நிறம், நடு இலை ஒரு நிறம், அடி இலை ஒரு நிறம். வெயிலில் வைத்தால் தீப்பிழம்பு. நிழலில் வைத்தால் வெறும் பச்சை. சில சமயம் ஒரு கிளை மட்டும் தாய்ச் செடியை மறந்து வேறு கோலம் பூணும். அந்தக் கிளையையே வெட்டி வளர்த்துப் புதிய ஜாதி என்று விற்பதும் உண்டு. ஆனால் உருவம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. இலை அகலமா, நாடா போல ஒடுக்கமா? விளிம்பு நேராகப் போகிறதா, உள்வாங்கி மடல் மடலாக இருக்கிறதா? தட்டையா, திருகாணி போல முறுக்கிக்கொள்கிறதா? நடுவே அறுந்து, நுனியில் தொங்கட்டான் இருக்கிறதா? இவ்வளவையும் பார்த்த பிறகுதான் நரம்பு என்ன நிறம், புள்ளியா கோடா என்று கேட்கவேண்டும்.

கடையில் தாராளமாகக் கிடைப்பவற்றில், அகன்ற இலையில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக நரம்புகள் தடித்து ஓடினால் அது 'பெட்ரா'. சிறிய பச்சை இலைமேல் மஞ்சள் பொடியைத் தூவியது போலிருந்தால் 'கோல்ட் டஸ்ட்'. குட்டையாக, இலைகள் நெருங்கி முறுக்கிக்கொண்டு சிவந்திருந்தால் 'மம்மி'. இம்மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டால் கடைக்காரரிடம் ஓரளவு மரியாதை கிடைக்கிறது.

குளிர் தேசத்தார் இலையழகுக்காக 'ஹோஸ்டா' என்ற செடியை ஆயிரக்கணக்கான தினுசுகளாகப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வருஷந்தோறும் குளிர்காலத் தூக்கம் வேண்டும். திருச்சியில் அதற்கு எங்கே போவது? நமக்குக் குரோட்டன்ஸ் போதும். அதிலும் இடம் பார்த்துத்தான் பொறுக்கவேண்டும். கீழ்ப்புறம் காலை வெயில் விழும் இடமாயின் எந்தத் தினுசும் நன்றாக வரும். மேற்கு வெயில் சுவரில் பட்டுத் திரும்பும் இடத்தில் இளஞ்செடியின் இலை கருகும். சித்திரை கழியும் வரை மறைப்பு வேண்டும். வடபுறத்து நிழலுக்கு 'கோல்ட் டஸ்ட்' உத்தமம். சிவப்புத் தினுசை அங்கே வைத்துவிட்டு நர்ஸரிக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இடம் மாற்றினால் பாதி இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்; உடனே பிடுங்கி எறியாமல் பொறுத்தால் மறுபடி தழைக்கும். தொட்டியில் மாவுப்பூச்சி பற்றும். ஈரத் துணியால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ஒடித்தால் பால் வரும். அது சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்; குழந்தைகள் இலையை மெல்லாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

2022 ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மன்னார்குடி போனோம். பழைய தெருவில், நம் வீட்டுக்கு மூன்றாம் வீட்டு அம்மாள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். கை கழுவக் கொல்லைப் பக்கம் சென்றோம். மாமரத்து நிழலில் ஏதோ பச்சைச் செடி ஒன்று நெட்டையாக நின்றது. நாம் அதைப் பார்க்கவும் பார்த்தோம், பாராமலும் திரும்பினோம். மூன்றரை வருஷம் உருவ சாஸ்திரம் படித்த லட்சணம் இது!

"இங்கே வந்து பாருங்கள்" என்றாள் நம் மனைவி. செடியின் அடுத்த பக்கத்தில் ஒரே ஓர் இலை. நடுவில் அறுந்து, நூல் போன்ற நரம்பின் நுனியில் குட்டி இலை ஒன்று. தேடிப் பார்த்தபோது மொத்தம் ஏழு ஜிமிக்கிகள் அகப்பட்டன. மற்றவையெல்லாம் சாதாரண நீள இலைகள். சிவப்பு மருந்துக்குக் கூட இல்லை.

"இது எங்கள் அம்மா கொடுத்ததா?" என்று கேட்டோம்.

"உன் அம்மாவும் குச்சி கொடுத்தாள், தம்பி. மேலத்தெரு மாமியும் கொடுத்தாள். எது பிழைத்தது என்று யார் கண்டது? மாமரம் பெரிசானதும் இது ஒரு மூலைக்குப் போய்விட்டது. வேண்டுமானால் வெட்டிக்கொண்டு போ" என்றார் அம்மாள்.

வெட்டவில்லை. பன்னிரண்டு குச்சியின் பாடம் ஞாபகமிருந்தது. பென்சில் பருமனுள்ள இரண்டு கிளைகளில் ஓர் அங்குலம் வளையமாகப் பட்டையை நீக்கி, வழிந்த பாலைத் துடைத்து, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினோம். இதற்கு விண்பதியம் என்று பெயர். தாய் மரத்திலேயே இருந்துகொண்டு கிளை வேர் விடும். விட்ட பிறகு பிரித்தால் போதும். ஆறு வாரம் கழித்துக் காலாண்டு விடுமுறையில் போனபோது, தாளுக்குள் வெள்ளை வேர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கட்டுக்குக் கீழே வெட்டி இரண்டையும் எடுத்து வந்தோம். அம்மாள் மறுத்தும் கேட்காமல், பதிலுக்கு ஒரு 'பெட்ரா' கொடுத்தோம்.

ஒரு மாதம் நிழலில் வைத்தோம். ஒன்று பட்டுப்போயிற்று. மற்றதைச் சிறிது சிறிதாகக் கீழ்ப்புறத்து வெயிலுக்கு நகர்த்தினோம். பழைய பச்சை இலைகள் உதிர்ந்தன. புது இலைகள் மஞ்சள் கோட்டோடு வந்தன. தாயாரின் செடிதானா, மேலத்தெரு மாமியின் செடியா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. தினந்தோறும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அடி இலையைத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாசி மாதம் ஒரு நாள் நடு நரம்பில் சிவப்பு ஏறியிருந்தது. பங்குனிக்குள் இலை முழுவதும் பரவிற்று. நம் தமக்கையார் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஒரு ஜிமிக்கியைச் சுண்டிவிட்டு, அது ஆடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒன்று கட்டிவை" என்றார். மூன்று கட்டினோம், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒன்று.

நாலாவதாகக் கட்டியதை, முன்பு நம்மைப் பார்த்துச் சிரித்த நர்ஸரிக்காரருக்குக் கொடுத்தோம். கொஞ்சம் கர்வத்தோடுதான். "பேர் என்ன ஸார்?" என்று கேட்டார். "ஜிமிக்கி" என்றோம். இம்முறை சிரிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, வாசலில் கறுப்புக் கவர்களில் பத்துப் பன்னிரண்டு குட்டி ஜிமிக்கிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஓர் அட்டை: 'பாங்காக் ஜிமிக்கி — ரூ. 180'.