கரப்பான்பூச்சி கவுன்

படத்தின் கடைசிக் கட்டம். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து விடுதலையாகி வந்த டிரேசி டர்ன்பிளாட் நேரே டிவி நடன நிகழ்ச்சிக்குள் நுழைகிறாள். உடம்பில் இளஞ்சிவப்பு கவுன். அதன்மேல் பெரிது பெரிதாகக் கறுப்புக் கரப்பான்பூச்சிகள். வந்தவள், பூச்சி ஏறினாற்போல் கைகாலை உதறிக்கொண்டு ஓர் ஆட்டம் போடுகிறாள். ஜான் வாட்டர்ஸ் 1988இல் எடுத்த ‘ஹேர்ஸ்ப்ரே’. அதையும் அதன் வழிவந்தவற்றையும் வரிசையாகப் பார்த்து முடித்தபின் எனக்குள் ஒட்டிக்கொண்டது அந்தக் கவுன்தான்.

கதை நடப்பது 1962இல், அமெரிக்காவின் பால்டிமோரில். அந்தக் காலத்து அமெரிக்க மாணவிகளிடையே ஒரு வதந்தி உண்டு. ஒருத்தி முடியைப் புஸ்ஸென்று கோபுரமாகத் தூக்கி, ஸ்ப்ரே அடித்து, கலைந்துவிடுமே என்று வாரக்கணக்கில் தலைக்குக் குளிக்காமல் இருந்தாளாம். உள்ளே சிலந்தி குடித்தனம் நடத்தி, மண்டையைக் கடித்து, செத்தே போனாளாம். சொல்கிறவரைப் பொறுத்துப் பூச்சி மாறும். சாவு மட்டும் மாறாது. டிரேசியின் தலையும் அப்படியொரு கோபுரம்தான். அவள் குண்டுப் பெண். அம்மா எட்னா ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். முதுகுக்குப் பின்னால் என்ன முணுமுணுத்திருப்பார்களோ, அதையே எடுத்து முன்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே கதையை 2007இல் ஆடம் ஷாங்க்மன் மறுபடி எடுத்த படத்தில் கரப்பான் இல்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட உடுப்பு. கறுப்பும் வெள்ளையும் கைகோக்கிற கதையாம், நமக்குப் புரியாமல் போய்விடக் கூடாதல்லவா? பால்டிமோர் தெருக்களையே டொரன்டோவில் போய் எடுத்தார்கள். முதல் படத்தில் காதலர்கள் சந்தில் முத்தமிடும்போது ஓர் எலி காலை மிதித்துக்கொண்டு ஓடும். 2002இல் கதை பிராட்வே மேடைக்குப் போனதும் எலிகள் தொடக்கப் பாட்டுக்குள் இடம்பிடித்து நடனமே ஆடத் தொடங்கிவிட்டன. தியேட்டரில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அருவருப்பு ஆகாது போலிருக்கிறது.

எட்னாவாக எப்போதும் ஆண்தான் நடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மேடையிலும் 2016 டிவி வடிவத்திலும் ஹார்வி ஃபையர்ஸ்டீன், 2007இல் ஜான் டிரவோல்டா. இந்த ஸ்திரீபார்ட்டைத் தொடங்கிவைத்தவர் டிவைன். படம் வெளிவந்த சில வாரங்களில், 42 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் செய்தது இரட்டை வேடம். அம்மாவும் அவரே, கறுப்பர்களை உள்ளே விடாத டிவி நிலைய முதலாளியும் அவரே. பாசமாகத் துணி தேய்க்கிற அதே முகம் அடுத்த காட்சியில் கோட்டு போட்டுக்கொண்டு இனவெறி பேசுகிறது. பின்னால் வந்தவர்கள் முதலாளியைத் தூக்கிவிட்டு, மொத்த வெறுப்பையும் வெல்மா என்ற பொன்முடிக்காரியின் தலையில் கட்டினார்கள். வில்லி ஒருத்தியைத் தோற்கடித்தால் வேலை முடிந்தது, எல்லோரும் ஆடலாம்.

உண்மையில் அது அப்படி ஆட்டத்தில் முடியவில்லை. படத்தில் வரும் நிகழ்ச்சிக்கு மூலம் பால்டிமோரின் ‘பட்டி டீன் ஷோ’. 1957இல் தொடங்கியது. பள்ளி விட்டதும் ஊர்ப் பிள்ளைகள் அதன்முன் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் வாட்டர்ஸும் ஒருவர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வாரம் முழுவதும் ஆட்டம். ஒலிப்பதோ நிறையக் கறுப்பர் இசை. கறுப்புப் பிள்ளைகளுக்கு எப்போதாவது தனியே ஒரு நாள். 1963 ஆகஸ்டில் மாணவர்கள் சிலர் திட்டமிட்டு உள்ளே புகுந்து, நேரடி ஒளிபரப்பில் கறுப்பும் வெள்ளையுமாகச் சேர்ந்து ஆடினார்கள். வாட்டர்ஸ் படத்தின் உச்சக்கட்டம் நிஜத்திலேயே நடந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது: நிலையத்துக்கு மிரட்டல்கள், கூட்டங்கள், பேச்சுவார்த்தை. சேர்ந்து ஆட விடுவதா, பிரித்தே வைப்பதா? நிலையம் மூன்றாவது வழி கண்டது. நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது. கடைசி ஒளிபரப்பு 1964 ஜனவரி 4.

பிராட்வேயில் 2,642 காட்சிகள் ஓடிய ‘ஹேர்ஸ்ப்ரே’ இறங்கியது 2009 ஜனவரி 4. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்தத் தேதிப் பொருத்தத்தைக் கண்டதிலிருந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிரேசி கைதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்காக் கலவரத்தில். அதற்கும் அசல் உண்டு: பால்டிமோரை ஒட்டிய குவின் ஓக் பூங்கா. 1963 ஜூலையில் பாதிரியார்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் அதன் வாசலில் கைதானார்கள். ஆகஸ்ட் 28ஆம் தேதி, வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாளில், பூங்கா எல்லோருக்கும் திறந்தது. அன்று ஒரு கறுப்பினக் குழந்தை ஏறிச் சுற்றிய குதிரை ராட்டினம் பிற்பாடு வாஷிங்டனுக்கே, அந்தப் பேரணி நடந்த மைதானத்துக்கே, போய்ச் சேர்ந்தது. ராட்டினம் மட்டும் தப்பித்தது. பூங்காவை 1972 புயல் வெள்ளம் முடித்துவைத்தது.

இவ்வளவு குறை சொன்னேனே, 2007 படத்தில் ஒரு திருத்தத்துக்கு நான் வாயடைத்துப் போகிறேன். முதல் படத்தில் கடைசியில் நடக்கும் போட்டியின் கிரீடம் டிரேசிக்கு. அடி வாங்கிய கறுப்பர்கள் ஒரு பக்கம், கிரீடம் வெள்ளைப் பெண்ணுக்கு என்பது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. ஷாங்க்மன் படத்தில் வாக்குகளெல்லாம் இனெஸுக்குக் குவிகின்றன: கறுப்பர் நாளை நடத்தும் மேபெல்லின் மகள், துடியான சின்னப் பெண். கிரீடம் அவள் தலையில் ஏறும்போது அந்தக் கடைசிப் பாட்டுக்கு என் காலும் தாளம் போடத்தான் செய்கிறது. இதற்காக டிரவோல்டாவின் ரப்பர் கன்னங்களைக்கூட மன்னித்துவிட்டேன். வெல்மாவாக வரும் மிஷேல் ஃபைஃபர் தன் அழகிப் பட்டத்தை நினைத்துப் பாடும் பாட்டை மட்டும் இன்றைக்கும் தள்ளி ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன்.