மாசி

ஜப்பான் பயணத்துக்கு என் கணவர் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். 10 நாள், 4 ஊர். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எந்தக் கோவில் எப்போது திறக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. 'சாப்பாடு' என்ற கட்டம் மட்டும் பத்து நாளும் காலி. கேட்டதற்கு, "அதை நீ பாத்துக்கிடுவேல்லா" என்றார்.

பார்த்துக்கொண்டேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், கூடவே எலெக்ட்ரிக் குக்கர். அரிசி அங்கே கிடைக்கும். ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. டோக்கியோவில் முதல் இரவு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தும் தண்ணீர் கொதிக்கவில்லை. மின்பொறியாளரான என் கணவர் குக்கரை முறைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய், 24 மணி நேரக் கடையில் சோற்றுப் பெட்டிகளும் இனிப்பில்லாத தயிரும் வாங்கி வந்தேன். கடைப் பெண்ணே மைக்ரோவேவில் சூடாக்கித் தந்தாள். பிறகு தினமும் அதுதான் என் வேலை. அசகுசா கோவிலின் பெரிய சிவப்பு விளக்கு, ஹகோனேயில் ஏரிக்கு மேல் ஒருமுறை முகம் காட்டிய ஃபூஜி, எல்லாம் பார்த்தேன்தான். பார்க்கும்போதே அடுத்த வேளைக்கு அத்தைக்கு என்ன என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அத்தை, என் கணவரின் அம்மா. சைவக் குடும்பம். மீன், கறி என்ற சொற்களைக்கூட வாயால் சொல்லமாட்டார். எந்தத் தட்டு வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்: "இதுல ஒண்ணும் கெடக்கலியே?" இலக்கணத்தில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர், சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. வகுப்பில் 'கால் கழுவி வந்தான்' என்று உதாரணம் சொல்லி நடத்துகிறேன். அத்தையின் அந்த 'ஒண்ணு'க்குள் என் பிறந்த வீடு முழுக்க இருக்கிறது. நான் கடற்கரை ஊர்க்காரி. முகர்ந்தே சொல்லிவிடுவேன் என்பது அந்த வீட்டில் கேலியாகத் தொடங்கி, என் பொறுப்பாகவே ஆகிவிட்டது.

சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்தால் மாசி. அம்மா அதை அம்மியில் தட்டி, தேங்காயும் வத்தலும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்வாள். என் மகள் பிறந்தபோது, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தாள். அத்தை அதைச் செய்தித்தாளில் சுற்றி வராந்தாவில் வைத்தார். யாரும் சத்தம் போடவில்லை. சாயங்காலம் அம்மா பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் முதல் கவிதைத் தொகுப்பு அப்போதே வந்திருந்தது. பெண்ணியக் குரல் என்று மதிப்புரைகூட எழுதினார்கள். அதன்பின் அம்மா எதுவும் கொண்டுவரவில்லை. இறந்து 6 வருடம் ஆகிறது.

எட்டாம் நாள் கியோட்டோ, ஃபுஷிமி இனாரி. மலை முழுக்க செம்மஞ்சள் தோரண வாயில்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் பின்புறமும் உபயதாரர் பெயர். நம் கோவில் டியூப்லைட் நினைவுக்கு வந்தது. இனாரி நெல்லின் தெய்வம், நரிகள் அதன் தூதர்கள். படியேறிக் களைத்த அத்தைக்காக அடிவாரத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். நரிகளுக்குப் பொரித்த டோஃபு பிடிக்குமாம். அதை மேலே வைத்துத் தருவதால் 'கிட்சுனே உடோன்', நரி உடோன். தடித்த வெள்ளை நூடுல்ஸ், வெங்காயத்தாள், தெளிந்த சாறு. பார்வைக்குச் சைவத்தில் சைவம். "பனீர் மாதிரில்லா இருக்கு" என்று அத்தை ஆசையாகக் கரண்டியை எடுத்தார்.

ஆவி முகத்தில் அடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தாஷி. கொம்பு என்கிற கடற்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு இறக்கும் சாறு. கட்சுவோபுஷியும் சூரை மீன்தான். நம் மாசியைப் போலவே அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. மெல்லிய சீவலாக இழைத்து, வெந்நீரில் போட்டு வடித்துவிடுவார்கள். கிண்ணத்தில் மீனின் தடயமே இருக்காது.

"இதுல ஒண்ணும் கெடக்கலியே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை ரசித்துக் குடித்திருப்பார். வராந்தாவுக்குப் போன பாட்டில் 18 வருடம் கழித்து அவர் வாய்வழியாக உள்ளே போயிருக்கும். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது, மறைக்கவில்லை. ஆனால் என் வாய்க்குள் என்ன போகலாம் என்று என்னைக் கேட்காமல் இன்னொருவர் முடிவு செய்தால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"இருக்கு அத்தை. மாசி."

அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை கரண்டியை வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "அப்பம் இதையும் நீயே சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். சத்தமாக உறிஞ்சிக் குடித்தேன். அந்த ஊரில் அது தப்பில்லை.

"மாசின்னா என்னம்மா?" என்றாள் மகள். அவளுக்கு அந்தச் சொல்லையே நான் தந்திருக்கவில்லை. என் வாய் நிறைய நூடுல்ஸ். அத்தை வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க ஆச்சி ஒருக்க கொண்டு வந்தாவ. பாட்டில்ல."

கணவர் செல்போனில் அட்டவணையை எடுத்து, நாராவுக்கு ரயில் நேரமாகிறது என்றார். அத்தை இன்னும் சாப்பிடவில்லை, கடையில் போய்ச் சோறும் தயிரும் வாங்கி வாருங்கள், நான் சாப்பிட்டு முடிக்க நேரமாகும் என்றேன். போனார். இருபது நிமிஷம் கழித்து, சூடாக்காத சோறும் இனிப்புத் தயிருமாகத் திரும்பி வந்தார்.