கைப்பிடியில் இல்லாதவர்கள்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பதினேழு மடக்குக் கத்திகள். "சமூகப் பணி பார்க்கிறவங்க வீட்டுல இவ்வளவு கத்தியா?" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் விரல் நீளப் பேனாக் கத்திகள்தான். பென்சில் சீவலாம், நூல் அறுக்கலாம்.

நாங்கள் இருவரும் இவற்றைச் சேர்ப்பது கைப்பிடிக்காக. பித்தளை, அலுமினியம், ஜெர்மன் சில்வர் தகட்டில் அச்சு வைத்துப் புடைப்பாக அடித்த படங்கள்: கட்டடம், தலைவர் முகம், ஊர்ப் பெயர். அமெரிக்காவில் உலகக் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் நினைவாக வாங்கிப் போனவை. அங்கே படிக்கப் போன தோழர் ஒருவர் பழைய சாமான் சந்தையில் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். அதில் தொடங்கியது இந்தப் பழக்கம்.

அது 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக் கத்தி. ஒருநாள் மாலை வகுப்புக்கு அதைக் கொண்டுபோனோம். காலனிப் பிள்ளைகள் கைமாற்றிப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கட்டடம் மட்டும்தான் இருக்கு. ஆளுங்க எங்கக்கா?"

எங்களிடம் பதில் இல்லை. சமூகவியல் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள அன்று வெட்கமாக இருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தோம். 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு வாங்கியதன் நூற்றாண்டைக் கொண்டாடிய கண்காட்சி அது. அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அமெரிக்கா அப்போது ஆண்ட பிலிப்பைன்சிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் கொண்டுவந்து, 47 ஏக்கரில் கிராமங்கள் அமைத்து, மனிதர்களையே காட்சிப் பொருளாக வைத்தார்கள். எங்கள் கத்தியில் மண்டபம் மட்டும் மின்னுகிறது.

அதற்கு முன் 1893இல், கொலம்பஸ் வந்திறங்கிய 400ஆம் ஆண்டு என்று சிகாகோவில் ஒரு கண்காட்சி. அதில் கறுப்பின மக்களுக்கு ஏன் இடமில்லை என்று விளக்கி ஐடா பி. வெல்ஸ், பிரெடரிக் டக்ளஸ் முதலானோர் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். கண்காட்சிக்குள் ஹெய்தி நாட்டு மண்டபத்தில் வைத்தே அதை வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்த் திருவிழாவில் நமக்கு ஏன் இடமில்லை என்று கேட்டுப் பழகிய நமக்கு, அந்தக் கேள்வியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கத்திகள் சிலவற்றில் அலகின் அடியில் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சுங்கச் சட்டம் போட்டது. நாட்டின் பெயர் வந்தது. செய்தவர் பெயர் வரவில்லை. ஜெர்மனியின் கத்தி நகரமான சோலிங்கனில் சாணைக்கல் தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டுச் செத்த தொழிலாளர்கள் பலர்.

பெட்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தோம். விற்றால் இன்னொருவர் அலமாரியில் அதே மண்டபம் மின்னும், அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு கத்தியோடும் ஒரு சீட்டு வைத்தோம். கைப்பிடியில் இல்லாதவர்கள் யார் என்று அதில் எழுதியிருக்கிறோம். அந்த மாணவிதான் முதல் சீட்டை எழுதினாள்.

போன மாதம் பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்த்தோம். எங்கள் தாத்தா செருப்புத் தைக்கத் தோல் அறுத்த கத்தி. மரப்பிடி, படம் எதுவும் இல்லை. பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. சீட்டில் அவர் பெயரையும் ஊரையும், ஒரு ஜோடிக்கு அவருக்குக் கிடைத்த கூலியையும் எழுதினோம். கூலியைச் சொன்னது பாட்டி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கருவி இருக்கும். பழைய இரும்புக்குப் போடும் முன், அது யார் கையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.