பேருந்தில் போனோம்!

“கார் இல்லாமலா? எழுபத்தாறு வயது அம்மாவை வைத்துக்கொண்டா? இரண்டே நாளில் மூன்று ஊரா? உனக்கென்ன பித்தா?” என்று கேட்டார் நண்பர். கேட்டவர் நல்லவர், தம் காரையே தருவதாகவும் சொன்னார். நான் தயங்கினேன். தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் அம்மாதான். “கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் போனா நான் யாருகிட்டப்பா பேசுறது? பஸ்ஸிலயே போவோம்” என்றார்.

வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் விரைவு வண்டி ஏறினோம். அம்மா, கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகள், நான். வண்டியின் பெயரைக் கேட்டதும் அம்மா சிரித்தார். ஒன்பது வயதில் வெண்ணாற்றங்கரையில் நாற்றுக்கட்டு சுமக்கத் தொடங்கி, ஐம்பது ஆண்டு சேற்றில் நின்றவர். உழவன் என்ற பெயரில் ஒரு வண்டி, அதில் அவருக்குக் கீழ்ப்படுக்கை, மேலே மின்விசிறி! “பேரு வச்சவன் நல்லாத்தான் வச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

விடியற்காலையில் தஞ்சை. நிலையத்திலிருந்து பெரிய கோயில் நடக்கும் தொலைவுதான். நடந்தோம். தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கோயிலுக்கா போனாய் என்று. ஆம், போனேன்; கும்பிடப் போகவில்லை, படிக்கப் போனேன். கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள், படிப்பதற்குத்தானே எழுத்து?

இரண்டாம் வாயிலில் அம்மா நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, “நாம உள்ள போகலாமா?” என்றார். மகள் விழித்தாள். அவள் தலைமுறைக்கு அந்தக் கேள்வியின் பொருளே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பத்து வயதிருக்கும்போது, வைக்கோல் வண்டியோடு தகப்பனாருடன் தஞ்சைக்கு வந்தாராம். அகழிக்கு அப்பால் வண்டியை நிறுத்தி, “இங்கேருந்தே கோபுரத்தைப் பாத்துக்க, போதும்” என்றாராம் தாத்தா. பெரிய கோயில் 1939இலேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1947இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. அம்மா வந்தது அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். பின் ஏன் அகழியோடு நின்றார் தாத்தா? கேட்டேன். “உங்க தாத்தாவுக்குச் சட்டமும் தெரியும், பண்ணையாரையும் தெரியும்” என்றார் அம்மா. அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார், கூலி உயர்வு கேட்டு ஊர்வலத்தில் வந்திருக்கிறார், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். கோயிலுக்குள் மட்டும் வரவே இல்லை. தடுத்தவர் யாருமில்லை. கூப்பிட்டவரும் யாருமில்லை.

உள்ளே போனோம். 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கற்கோயில். ஏறத்தாழ 216 அடி உயரம். அதன் முன் நின்று வியக்காதவன் கல்நெஞ்சன். வியப்பதோடு நின்றுவிடுபவன் படிக்காதவன். ஒரு கூட்டத்துக்கு யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்: “இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது!” கூட்டம் கைதட்டியது. காலைக் கதிரவன் கிழக்கே நின்றான். என் மகள் ஒன்றும் பேசவில்லை. அப்பாயியின் கையைப் பிடித்து மேற்குப் பக்கம் அழைத்துப் போனாள். அங்கே நீளமாய், கருமையாய், குளுமையாய்க் கிடந்தது நிழல்! அதிலேயே உட்கார்ந்து, கொண்டுபோன இட்டிலியைத் தின்றோம். நிழலே விழாத கோபுரத்தின் நிழலில் பசியாறிய மூவர் என்று எங்கள் பெயரையும் எங்காவது வெட்டி வைக்கலாம்.

கல்வெட்டுகளின் அச்சுப்படி ஒன்றை மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். படித்துச் சொன்னாள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். இன்ன ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர், இன்ன பெயர், இன்ன சிறகில் இத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் எனக் கணக்கு துல்லியமாக இருக்கிறது. அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா என்பது மட்டும் கல்லில் இல்லை. பிறகு ஊர்க் கணக்கு வந்தது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறை நீக்கிய நிலங்கள் எவை என்று பட்டியல்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி... ஓரிடத்தில் ‘தீண்டாச்சேரி’ என்றே ஒரு சொல். சுடுகாட்டைக்கூட விடவில்லை; வெள்ளான் சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு.

அம்மா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்ம தெருவையும் எழுதித்தான் வச்சிருக்காங்க” என்றார். வருத்தமா, பெருமிதமா, நையாண்டியா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எழுந்து, சுவரருகே போய், எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்தில் ஒரு நகரப் பேருந்தைப் பிடித்துப் புதிய நிலையம். அங்கிருந்து குடந்தைப் பேருந்து. நாற்பது கிலோமீட்டருக்குச் சிறிது குறைவு. படிக்கட்டின் உயரத்தைச் சொல்லியாக வேண்டும். தரையிலிருந்து முதற்படி முழங்காலுக்கு மேல்! அம்மாவை நான் கீழிருந்து தாங்க, மகள் மேலிருந்து இழுக்க, மூட்டையைப் போல ஏற்றினோம். கார் வைத்திருப்பவன் மக்கள் பேருந்தைப் பற்றிக் கவலைப்படமாட்டான். பேருந்தில் போகிறவன் பழகிப்போய்ப் பேசாமல் இருந்துவிடுகிறான். முதியோரும் பிள்ளைத்தாய்ச்சியும் காலூன்ற முடியாத படியை வரைந்தவர், தம் தாயை ஒரு நாளேனும் அதில் ஏற்றிப் பார்த்திருப்பாரா?

ஆனால் அந்தப் படியில் ஏறவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு, நண்பர்களே! மோட்டார் பேருந்து நம் நாட்டுக்கு வந்த புதிதில், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த முதலாளிகள் இருந்தனர். எந்திரம் மேல்நாட்டிலிருந்து வந்தது. எண்ணெயும் வெளியிலிருந்து வந்தது. தீட்டு மட்டும் உள்ளூர்ச் சரக்கு! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். உரிமத்தின் மேல் கைவைத்ததும் தீட்டு பறந்துவிட்டது. சாத்திரம் ஆயிரம் ஆண்டு காத்த வேலியை ஒரு சுற்றறிக்கை அசைத்ததே, அதை எண்ணி நான் அடிக்கடி மகிழ்வதுண்டு.

முழுதும் மகிழவும் முடியவில்லை. குடந்தைப் பேருந்தில் அம்மா, “முன்னெல்லாம் இது சோழன் பஸ்ஸு” என்றார். ஆம், சோழன், சேரன், பாண்டியன், பல்லவன் என்று கழகங்களுக்குப் பெயர்கள் இருந்தன. பின்னர்த் தலைவர்களின் பெயர்களும் வந்தன. 1997இல் விருதுநகரில் தொடங்கிய புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது அரசு. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பினர் சிலர். கல்லெறி, கலவரம், உயிர்ப்பலி! முடிவில் அவ்வாண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. எழுத்தை அழித்தோம். அழிக்க வேண்டியது அதுதானா? இதை நான் மகளிடம் சொன்னபோது, முன்னிருக்கை இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “இது எங்க பாடத்துல இல்லையே” என்றார். குடந்தை வரும்வரை பேசிக்கொண்டு வந்தோம்.

குடந்தையில் விடுதியில் பையை வைத்துவிட்டு, தாராசுரத்துக்கு நகரப் பேருந்து. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் அம்மாவிடமும் மகளிடமும் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்தார். நான் காசு கொடுத்தேன். பின்னிருக்கையில் ஒரு பெரியவர், எல்லோர் காதிலும் விழும்படி, “எல்லாம் ஓசி!” என்றார். என் இரத்தம் கொதித்தது. அம்மாவோ திரும்பி, மிக மரியாதையாக, “ஐயா, அம்பது வருசம் நாத்து நட்டிருக்கேன். ஆம்பளைக்குக் குடுத்த கூலியில பாதிதான் எனக்குக் குடுத்தாங்க. அந்த மிச்சத்துல கழிச்சுக்கிட்டுப் போறேன்” என்றார். பேருந்து சிரித்தது. சிறிது நேரம் கழித்து அந்தப் பெரியவரும் சிரித்தார். பொருளாதாரம் பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகள் பல. இத்தனை சுருக்கமாக யாரும் முடித்ததில்லை.

தாராசுரம் இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில், பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சையைப் போல மிரட்டாது. கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் திருநாளைப்போவார். நாம் நந்தன் என்று அறிந்தவர். தில்லைக்கு ‘நாளை போவேன், நாளை போவேன்’ என்றே காலம் கழித்தவர். தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போனவர் என்கிறது புராணம். உடலை எரித்தால்தான் உரிமை! எரிந்தவனைச் சுவரில் வைத்தார்கள். அவன் உறவினரைச் சுவருக்கு வெளியே வைத்தார்கள். இதை நான் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். மகள் என் கையை அழுத்தினாள். சிற்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த உளிக்கு நான் அடிமை.

ஞாயிறு காலை குடந்தையில் சிறிது நடந்தோம். கணித மேதை இராமானுசன் வாழ்ந்த வீடு. 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. அங்கே தமிழ் கற்பித்தபடி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர். அங்கிருந்து மயிலாடுதுறை. அங்கேதான் சோதனை. தரங்கம்பாடிப் பேருந்து எப்போது வரும் என்று கேட்டால், ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். கால அட்டவணைப் பலகை இருந்தது. எழுத்துகள் வெயிலில் மங்கி மறைந்திருந்தன. ஒன்றரை மணி நேரம் நின்றோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு இரயில் ஓடியது. 1926இல் வந்தது, 1986இல் நிறுத்தப்பட்டது. அறுபது ஆண்டு ஓடிய வண்டி! அம்மாவுக்கு அது நினைவிருக்கிறது. கால்கடுக்க நின்றபோது நண்பரின் கார் ஒருமுறை என் கண்முன் வந்துபோனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தரங்கம்பாடியில் கடல் எங்களை வரவேற்றது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் இங்கே கரையிறங்கினார் சீகன்பால்கு. அந்நிய மொழியைச் சிறுவர்களோடு உட்கார்ந்து கற்றார், அச்சகம் வைத்தார், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் அச்சான முதல் நூல் அதுவன்று. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனாலும் ஓலையில் ஒருசிலருக்கு என்றிருந்த எழுத்து, தாளில் ஊருக்கென்று ஆனதில் இந்தக் கடற்கரைக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் மதத்தோடு எனக்கு வேலையில்லை. அவர் எழுத்துப்பெட்டிக்கு என் வணக்கம்.

ஆனால் அங்கும் அதே கதை! 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக உயர்த்தப்பட்டார், அவர் வேளாளர். இராசநாயக்கன் என்ற உபதேசியார் அயராது உழைத்தவர், பறையர். அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. பிறப்பு குறுக்கே நின்றது. கப்பலேறி வந்த கடவுளும் கரையேறியதும் சாதி கேட்டுக்கொண்டார்!

அம்மா இதில் எதையும் கேட்கவில்லை. அலையில் காலை நனைத்துக்கொண்டு, மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவர்களைப் பற்றி அந்த அம்மையார் சொல்ல, இவர் கேட்டு நின்றார். மாலைப் பேருந்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். மீன் கூடைக்கு இடமில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். அம்மா தம் காலடியில் கூடைக்கு இடம் செய்து, அந்த அம்மையாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மயிலாடுதுறை வரை இருவரும் வாய் ஓயவில்லை.

இரவு நடைமேடையில் உழவனுக்காகக் காத்திருந்தோம். அம்மா சுருக்குப்பையைத் திறந்து, தாராசுரம் பேருந்தின் கட்டணமில்லாச் சீட்டை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

“இதுல என்ன எழுதியிருக்கு, படி” என்றார்.

அவள் படித்தாள். ஊர்ப்பெயர், நேரம், கட்டணம் சுழியம். ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக்காட்டி அம்மா மறுபடி கேட்டார். வண்டி வரும்வரை அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.